கோயமுத்தூர்க்காரர் ஆவது எப்படி? ஒன்பது எளிய பாடங்கள்

சென்னையில் வெயிலுக்குச் சலித்தவர், பெங்களூரில் வாடகை கொடுத்துக் களைத்தவர், துபாயிலிருந்து திரும்பி 'அமைதியான ஊர்' தேடுபவர், சரவணம்பட்டிக்கு மாற்றல் வாங்கிய ஐ.டி. இளைஞர் எல்லாரும் கடைசியில் கேட்பது ஒரே கேள்விதான்: கோயமுத்தூர் எப்படி, குடியிருக்கலாமா?

தாராளமாக இருக்கலாம். மத்திய அரசே சொல்லியிருக்கிறது. 2021 மார்ச்சில் அது வெளியிட்ட, எளிதாக வாழத்தக்க நகரங்களின் பட்டியலில், 10 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஊர்களுக்குள் கோவைக்கு 7-ஆம் இடம். இந்த எண்ணை முதலில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சத்தி ரோட்டில் சாயங்காலம் ஆறரை மணிக்கு வண்டியை அணைத்துவிட்டு நிற்கும்போது முணுமுணுக்க உதவும்.

ஆனால் இங்கே குடியிருப்பது வேறு, ஊர்க்காரர் ஆவது வேறு. முன்னதற்கு அட்வான்ஸ் தொகை போதும். பின்னதற்குப் பயிற்சி வேண்டும். அதற்கான பாடங்கள் இதோ.

1. சென்ட் கணக்கில் யோசிக்கப் பழகுங்கள்

இடம் விசாரிக்கும்போது கிரவுண்டு என்று வாய்தவறியும் சொல்லாதீர்கள். சென்னைக்காரர் என்று தெரிந்த அடுத்த நொடியில் விலை ஒரு சுற்று ஏறிவிடும். இங்கே எல்லாம் சென்ட்தான். எந்தப் பேச்சையும் எங்கே தொடங்கினாலும் 'அங்க இப்ப சென்ட் என்ன போகுதுங்க?' என்பதில் கொண்டுவந்து முடிக்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

புரோக்கர் உங்களுக்கு எல்லாவற்றையும் நிமிடத்தில் சொல்வார். "ஏர்போர்ட் பத்து நிமிசம், ஸ்கூல் அஞ்சு நிமிசம், ஆஸ்பத்திரி இங்கிருந்து நடக்கற தூரமுங்க." அவர் பொய் சொல்லவில்லை. விடிகாலை நாலு மணிக்கு அளந்திருக்கிறார், அவ்வளவுதான்.

கிழக்கும் வடக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு. விளாங்குறிச்சி, காளப்பட்டி, கீரணத்தம் எல்லாம் சோளமும் தென்னையுமாக இருந்த பூமி. விளாங்குறிச்சியில் டைடல் பார்க் 2010-இல் திறந்தது. அதன்பிறகு தோட்டத்துக்காரர்கள் மழைக்காக வானத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மேற்கு, ரசனை உள்ளவர்களுக்கு. வடவள்ளி, தொண்டாமுத்தூர், தடாகம் பக்கம் 'மலை பார்த்த வீடு' என்று தனி விலை உண்டு. வாங்குமுன் பக்கத்துச் சைட் காலியா என்று பாருங்கள். காலி என்றால் மலை இன்னும் இரண்டு வருடத்துக்குத் தெரியும். இன்னொன்று, மலையை நீங்கள் பார்க்கும்போது மலையும் உங்களைப் பார்க்கிறது. அரிசி மூட்டையின் வாசனை பிடித்து ராத்திரியில் யானை வந்து நிற்கும். மறுநாள் பேப்பரில் 'குடியிருப்புக்குள் காட்டு யானை புகுந்தது' என்று வரும். குடியிருப்பு எங்கே புகுந்தது என்று கேட்கக் கூடாது.

மதுக்கரைப் பக்கம் ரயிலில் யானைகள் அடிபடுவதைத் தடுக்க 2024-இல் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வைத்தார்கள். நல்ல காரியம். திருச்சி ரோட்டைக் கடக்கிற ஆத்தாவுக்கு இன்னமும் அவர் நீட்டுகிற கைதான் சிக்னல்.

2. இல்லாததை வைத்து வழி சொல்லுங்கள்

"லட்சுமி மில்ஸ் ஸ்டாப்ல இறங்கிக்குங்க" என்பார்கள். இறங்கி மில்லைத் தேடாதீர்கள். நூல் ஓடிய இடத்தில் காபிக் கடை இருக்கும். 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே பஞ்சாலை வைத்தார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. கரிசல் பூமியில் விளைந்த பருத்தியும் மலையிலிருந்து இறங்கிய கரண்டும் சேர்ந்ததில் மில்லுக்குப் பக்கத்தில் மில் முளைத்தது. மூன்று ஷிப்டுக்கும் சங்கு ஊதும். வீட்டில் உலை வைப்பதும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவதும் அந்தச் சங்குக் கணக்கில்தான்.

பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூச்சை நிறுத்தின. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் மில்கள் 2020 பொதுமுடக்கத்தில் கதவைச் சாத்தியபின் பழையபடி ஓடவேயில்லை. சங்குச் சத்தம் போனாலும் பேர் மட்டும் பஸ் ஸ்டாப்பில் தங்கிவிட்டது: பங்கஜா மில், ராதாகிருஷ்ணா மில், ஸ்டேன்ஸ் மில். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கட்டிய சினிமாக் கொட்டகை வெரைட்டி ஹால். இப்போது வெரைட்டி ஹால் ரோடு இருக்கிறது, ஹால் இல்லை.

ஆகவே யாராவது வழி கேட்டால், கண்ணெதிரே இருக்கும் பெரிய ஷாப்பிங் மாலைக் காட்டாதீர்கள். "முன்னாடி ஒரு மில்லு இருந்துச்சுங்க, அதுக்கு எதுத்தாப்ல" என்று சொல்லுங்கள். நீங்கள் போன வருடம்தான் குடிவந்தவர் என்று ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

3. தண்ணீருக்குச் சாதி உண்டு என்று அறியுங்கள்

வாடகை வீடு பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பதல்ல. "சிறுவாணியா, பில்லூருங்களா?" சிறுவாணி என்று பதில் வந்தால் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரியும். உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் அது என்று அவர் சொல்வார். யார் குடித்துப் பார்த்து மார்க் போட்டார்கள், முதலாவது எது என்றெல்லாம் கேட்டால் வீடு கிடைக்காது. உண்மையில் சுவை அருமைதான். சந்தேகம் இருந்தால் அந்தத் தண்ணீரில் போட்ட காபியையும் போர் தண்ணீரில் போட்ட காபியையும் அடுத்தடுத்துக் குடித்துப் பாருங்கள்.

அணை இருப்பது கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில். ஐம்பதடி அணையில் 45 அடிக்கு மேல் தேக்கக் கேரளம் சம்மதிப்பதில்லை. ஆகையால் ஜூன் மாதம் வந்தால் கோவையில் பங்குச் சந்தைக்குச் சமமாக அடிக்கணக்கையும் பேப்பரில் பார்ப்பார்கள். ஊர் பெருகப் பெருகச் சிறுவாணி போதாமல் பவானியிலிருந்து பில்லூர்த் தண்ணீர் வந்தது. அதுவும் போதாமல் 2024-இல் மூன்றாவது பில்லூர்த் திட்டம் வந்தது.

வீட்டில் 'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி' என்று இரண்டு குழாய் இருக்கும். உப்புத் தண்ணி எப்போதும் வரும். நல்ல தண்ணி வரும் நாளை மட்டும் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். சில பகுதிகளில் அது வாரத்துக்கு ஒருநாள். அன்றைக்கு ஒறம்பரை வந்தாலும் சரி, கல்யாணம் இருந்தாலும் சரி, வீட்டில் ஒருத்தர் இருந்தே ஆக வேண்டும். நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் தரும் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அதற்காகத்தான் உங்கள் ரோட்டைத் தோண்டினார்கள். மூடியபின் மறுபடி தோண்டினால் அது கேஸ் குழாய், அதற்கடுத்தது பாதாளச் சாக்கடை. தோண்டுகிறவர்கள் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை என்பது ஊரின் நம்பிக்கை.

4. வலப்பக்கம் போக இடப்பக்கம் திரும்புங்கள்

கோவையில் சிக்னல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. அவற்றை எடுத்துவிட்டு யு-டர்ன் வைத்துவிட்டார்கள். நேர் எதிரே இருக்கும் மருந்துக்கடைக்குப் போக வேண்டுமானால் இடது பக்கம் திரும்பி, அரைக் கிலோமீட்டர் போய், நாலு பஸ்ஸுக்கு நடுவே வளைந்து, அதே அரைக் கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். வண்டி நிற்காமல் ஓடுகிறது என்பது இதன் பெருமை. ஓடுகிறது, உண்மைதான். எங்கே போக வேண்டுமோ அங்கிருந்து விலகி ஓடுகிறது.

அடுத்தது பாலங்கள். காந்திபுரம், கவுண்டம்பாளையம், திருச்சி ரோடு, உக்கடம் என்று வரிசையாக வந்தன. திருச்சி ரோட்டு மேம்பாலம் 2022-இல் திறந்த கையோடு அதன் வளைவு எல்லாருக்கும் பாடம் நடத்தியது. சுங்கம் பக்கம் இறங்கும்போது முப்பதுக்கு மேல் போகாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, 2025 அக்டோபரில் திறந்த அவிநாசி ரோட்டு மேம்பாலம். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், 1,791 கோடி ரூபாய். ஜி.டி. நாயுடுவின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸை ஓட்டத் தொடங்கி, பெரும் பஸ் கம்பெனியை வளர்த்தெடுத்தவர் அவர். அவர் பெயரிலுள்ள பாலத்தின்மேல் ஒரு பஸ் ஸ்டாப்பும் கிடையாது. பாலத்தில் ஏறினால் பத்தே நிமிடம், சொகுசாகப் போய்விடலாம். மிச்சமான இருபது நிமிடத்தை இறங்குமிடத்தில் திருப்பிக் கட்டிவிடலாம். பாலத்துக்கு மேலே ஊர் ஓடுகிறது, கீழே ஊர் நிற்கிறது. நீங்கள் எந்தத் தளத்து மனிதர் என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

5. பொறுமையைத் தனிப் பாடமாகப் படியுங்கள்

வெளியூர் பஸ் பிடிக்க முதலில் ஊருக்குள் ஒரு பயணம் போக வேண்டும். மதுரை, திருச்சிக்குச் சிங்காநல்லூர். பொள்ளாச்சி, பழனிக்கு உக்கடம். சேலம், ஈரோட்டுக்குக் காந்திபுரம். ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் ரோடு. தப்பான பஸ் ஸ்டாண்டில் போய் நிற்காத கோயமுத்தூர்க்காரர் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோக வெள்ளலூரில் 2020-இல் ஒரு பெரிய பஸ் ஸ்டாண்டு கட்டத் தொடங்கினார்கள். பாதிக் கட்டடத்தோடு வேலை நின்றுபோனது. பக்கத்திலேயே குப்பைக் கிடங்கு. ஊர்க் குப்பை மட்டும் ஒரே இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது.

மெட்ரோ பற்றி யாராவது கேட்டால் சிரிக்க வேண்டும். அவிநாசி ரோட்டிலும் சத்தி ரோட்டிலும் ஓடுவதாக இருந்த மெட்ரோவுக்கான திட்டத்தை, 2011 கணக்கெடுப்பின்படி 20 லட்சம் மக்கள் இல்லை என்று 2025 நவம்பரில் டெல்லி திருப்பி அனுப்பிவிட்டது. ஆக, அரசுக் கணக்கில் இது இன்னும் 2011. உங்களுக்கு முன்னால் நிற்கும் வண்டிகளில் பாதி அரசுக் கணக்கில் இல்லாதவை. இதில் கெட்டிக்காரர்கள் சத்தி ரோட்டு புரோக்கர்கள். மெட்ரோ வரும் என்று சொல்லி ஏற்றிய விலையை, வராது என்றானபின் ஒரு ரூபாய்கூட இறக்கவில்லை.

நம்பிக்கை இழக்காதீர்கள், இங்கே காரியங்கள் நடக்கத்தான் செய்கின்றன. 2010-இல் செம்மொழி மாநாடு நடந்தபோது சிறை வளாகத்தில் பூங்கா வரும் என்றார்கள். 2025 நவம்பரில் 45 ஏக்கரில் வந்தே விட்டது. மாநாட்டுக்குத் தோளில் தூக்கிப் போன குழந்தை கல்லூரிக்குப் போகும் வயதில் பூங்காவைப் பார்த்தது. நகரத்துக்கான பெருந்திட்டமும் அப்படியே. 1994-இல் ஒப்புதலான பழையதற்கு அடுத்தது வர முப்பது வருடம் ஆனது. நடுவில் ஊர் தன் இஷ்டத்துக்கு வளர்ந்துவிட்டது. 2011-இல் மாநகராட்சி எல்லையை 257 சதுர கிலோமீட்டராக நீட்டியபோது, ஏற்கெனவே ஊராகிவிட்ட இடங்களுக்குத்தான் ஊர் என்று பேர் வைத்தார்கள்.

6. காரில் போய் நடந்து வாருங்கள்

கோவைக்காரர்கள் ஆரோக்கியத்தில் அக்கறை உள்ளவர்கள். விடிகாலையில் காரை எடுத்துக்கொண்டு ரேஸ்கோர்ஸுக்கோ குளக்கரைக்கோ போய், நிறுத்த இடம் தேடி இருபது நிமிடம் சுற்றி, பிறகு இறங்கி நடப்பார்கள். வீட்டு வாசலிலேயே நடக்கலாமே என்று தோன்றும். வாசலில் நடைபாதை இருந்தால் அதன்மேல் டிரான்ஸ்பார்மரும் பானிபூரி வண்டியும் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரும் இருக்கும்.

குளக்கரைகள் உண்மையிலேயே அழகாகிவிட்டன. 2016 ஜனவரியில் அறிவித்த முதல் இருபது ஸ்மார்ட் சிட்டிகளில் கோவையும் ஒன்று. அந்தப் பணத்தில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம் எல்லாம் நடைபாதையும் விளக்கும் பெற்றன. குறிச்சிக்குளத்தில் தமிழ் எழுத்துகளாலேயே ஆன வள்ளுவர் சிலை இருக்கிறது. படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது கேமராவைச் சற்று மேலே தூக்கிப் பிடியுங்கள், ஆகாயத்தாமரையும் நுரையும் படத்தில் விழாது. நொய்யலில் வரும் வெள்ளத்தை வாய்க்கால் வழியாகப் பிடித்து, ஒன்று நிரம்பியதும் அடுத்ததற்கு அனுப்பும்படி பெரியவர்கள் வெட்டிவைத்த குளங்கள் இவை. இப்போது மழைக்காலத்தில் நொய்யல் வருகிறது, மற்ற மாதங்களில் சாக்கடை வருகிறது. தண்ணீர் இல்லாத குளம் என்று ஒருத்தரும் குறை சொல்ல முடியாது.

7. திட்டும்போதும் 'ங்க' போடுங்கள்

இந்தப் பாடத்தில் தவறினால் மற்றதெல்லாம் வீண். யு-டர்னில் காரும் பைக்கும் உரசிக்கொள்ளும் காட்சி ஒன்றை ஒருநாள் நின்று கவனியுங்கள்.

"ஏனுங், பாத்து வரமாட்டீங்களா?"

"நான் பாத்துத்தானுங்க வந்தேன். நீங்கதான் திடீர்னு வளைச்சீங்க."

"இண்டிகேட்டர் போட்டனுங்களே!"

"அது பீளமேட்டுலிருந்தே எரிஞ்சுட்டு வருதுங்களே!"

கேட்டுக்கொண்டிருந்த டீக்கடைக்காரரே சிரித்துவிடுவார். சண்டை அதோடு முடிந்துவிடும். ஊர் எவ்வளவு பெருத்தாலும் இந்த ஒன்று இன்னும் தேயவில்லை. பவுண்டரிக்கு வேலைக்கு வந்த ஒடிசாப் பையனும் ஆறு மாதத்தில் "சொல்லுங்ணா" என்கிறான்.

பேச்சு பழகியதும் நாக்கையும் பழக்குங்கள். சாயங்காலம் தள்ளுவண்டியில் காளான் சாப்பிடுங்கள். அகலமான கல்லின் நடுவே சிவப்பாக, கூழாக ஒன்று கொதித்துக்கொண்டிருக்கும். கடைக்காரர் கரண்டியால் டகடகவென்று கொத்தி, தட்டில் ஊற்றி, மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவி நீட்டுவார். அதில் இருப்பது பெரும்பாலும் முட்டைக்கோஸும் மைதாவும். "இதில் காளான் எங்கேண்ணா?" என்று கேட்பது வெளியூர்ப் பழக்கம்.

8. காற்றைப் பற்றிப் பேசுங்கள், ஏ.சி. போட்டுக்கொண்டு

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுப் பக்கம் ஓர் இடைவெளி இருக்கிறது. ஜூன், ஜூலையில் கேரளத்து மழைக்காற்று அந்த வழியாக நுழைந்து ஊரைக் குளிர்வித்துவிட்டுப் போகும். சாரல் மட்டும் தூவும். தமிழ்நாட்டின் மற்ற ஊர்கள் வேகும்போது கோவைக்காரர் சட்டைக் காலரை ஏற்றிவிட்டுக்கொண்டு நடந்த காரணம் இதுதான். "முந்தியெல்லாம் ஃபேனே வேண்டாமுங்க" என்ற வாக்கியத்தை இப்போது நீங்கள் பயன்படுத்தலாம். ரோட்டை அகலப்படுத்த வெட்டிய புளியமரங்களைப் பற்றியும் பெருமூச்சு விடலாம். ஆனால் உங்கள் வீட்டு ரோட்டை அகலப்படுத்தினால், மரம் போகிறதே என்ற வருத்தத்தோடு, முன்பக்கம் கடை கட்ட பிளான் போட்டுவிடுங்கள்.

9. கணக்கை முடியுங்கள்

இனி நீங்கள் பேக்கரிக்குப் போகலாம். கோவையில் ஊர்ப்பேச்சு நடப்பது திண்ணையிலோ மரத்தடியிலோ அல்ல, பேக்கரியில். ஒரு டீ, ஒரு எக் பப்ஸ், நின்றபடி அரைமணி நேரம். தலைப்பு எப்போதும் ஒன்றே: ஊர் கெட்டுப்போச்சு.

இந்த ஊர் தொழில் தெரிந்தவர்களின் ஊர். கிரைண்டரும் மோட்டார் பம்பும் செய்து வீதிக்கு வீதி முதலாளிகளை உண்டாக்கிய ஊர். வட்டியில் சாப்பிடலாம், முதலில் கை வைக்கக் கூடாது என்று மகனுக்குச் சொல்லிக்கொடுக்காத தகப்பன் இங்கே இல்லை. மலைத் தண்ணீரும் கணவாய்க் காற்றும் சங்கிலிக் குளங்களும் மரியாதைப் பேச்சும்தான் இந்த ஊரின் முதல். நல்ல ஆஸ்பத்திரியும் கல்லூரியும் வேலையும் சேர்ந்ததால் இன்னும் தாராளமாக வாழலாம், அதில் பொய்யில்லை. ஆனால் அந்த முதலில் ஒன்றைக்கூட நம் காலத்தில் நாம் சம்பாதிக்கவில்லை. நாம் கட்டியதில் பாதி, ஊரை வேகமாகக் கடந்து போவதற்கானது. சிட்டாவும் அடங்கலும் பிசகாமல் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை மட்டும் எழுதுவதில்லை. காரணம் எளிது. ரோடு நெரிகிறதே என்று புலம்பவைக்கும் அதே கூட்டம்தான் நம் சென்ட் விலையை ஏற்றுகிறது. கூட்டம் இல்லாத கோவை எல்லாருக்கும் வேண்டும். கூட்டம் இல்லாத கோவையின் விலை ஒருத்தருக்கும் வேண்டாம்.

ஆகவே நன்றாகப் புலம்புங்கள். தண்ணீர், தூசி, யு-டர்ன், யானை என்று ஒன்றையும் விடாதீர்கள். "இத்தனை சிரமம் எதுக்குங்க, இடத்தை வித்துட்டு அமைதியா ஒரு ஊராப் பாத்துப் போயிரலாமுங்களே?" என்று பக்கத்தில் டீ குடிப்பவர் கேட்பார். அவசரப்படாதீர்கள். பப்ஸின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, அசல் கோயமுத்தூர்க்காரராகப் பதில் சொல்லுங்கள்: "போலாமுங்க. இன்னுங் கொஞ்சம் ஏறட்டும்."